தொட்டியில் மல்லி வாடுகிறதா?



நிலக்கோட்டைப் பக்கம் வயலில் குண்டுமல்லி கொத்துக் கொத்தாய்ப் பூக்கிறது. அதே மல்லியைத் திண்டுக்கல் நகரத்து மொட்டை மாடியில் தொட்டியில் வைத்தால் ஏங்கிப் போகிறது. "தினம் ரெண்டு வேளை தண்ணி ஊத்துறேன், உரமும் போடுறேன், இலை பழுத்துக் கொட்டுதே!" என்று தாய்மார்கள் வருத்தப்படுவதுண்டு. சங்கதியே அங்கேதான் இருக்கிறது. தொட்டிச் செடி பலவும் கவனிப்பு இல்லாமல் சாவதில்லை. கவனிப்பு மிஞ்சித்தான் சாகிறது.

முதலில் செடிக்கு உயிர் இருக்கிறதா என்று பாருங்கள். தண்டை நகத்தால் லேசாகக் கீறினால் உள்ளே பச்சை தெரிய வேண்டும். தெரிந்தால் பிழைத்துக்கொள்ளும்.

அடுத்து, விரலை ஓர் அங்குலம் மண்ணுக்குள் விடுங்கள். மண் ஈரமாக இருந்தும் செடி வாடினால் வேர் அழுகுகிறது என்று அர்த்தம். ஈரம் தேங்கினால் வேருக்குக் காற்று கிடைக்காது. அப்போது தண்ணீரை நிறுத்திவிட்டு, அடித்துளை அடைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

செடியை மெதுவாகக் கவிழ்த்து எடுங்கள். வெள்ளையாக இருப்பது நல்ல வேர். கறுத்து, கொழகொழவென்று நாறுவதை வெட்டிவிடுங்கள். பந்தாகச் சுற்றிக்கொண்ட வேரைப் பிரித்துவிடுங்கள். செம்மண், மணல், மக்கிய தொழு உரம் மூன்றும் சம அளவில் கலந்து புதுத் தொட்டியில் நடுங்கள். சிறுமலைக்குப் போகிறவர்கள் காட்டு இலைமக்கைச் சாக்கில் அள்ளி வர வேண்டாம். அது காப்புக்காடு, அந்த மக்கு அங்குள்ள மரங்களுக்குச் சாப்பாடு. வீட்டு வேப்பஞ்சருகை மக்க வைத்தாலே போதும்.

நட்டதும் காய்ந்த கிளை, நோஞ்சான் கிளையைக் கவாத்து செய்யுங்கள். மல்லி புதுத் தளிரில்தான் மொட்டு வைக்கும். ஆகவே வெட்டப் பயப்படக் கூடாது. வயலில் நவம்பர் கடைசியில் தரையிலிருந்து 45 முதல் 50 செ.மீ. விட்டு வெட்டுவார்கள், மார்ச் வாக்கில் பூ தொடங்கும். தொட்டிக்கும் அந்தப் பருவமே நல்லது. கோடையில் வேண்டாம்.

மாற்றி நட்ட செடி ஒரு வாரம், பத்து நாள் நிழலில் இருக்கட்டும். பிறகு ஆறு மணி நேரமாவது நேர் வெயில் படவேண்டும். வெயில் குறைந்தால் இலைதான் வரும், பூ வராது. ஆனால் சித்திரை வெயிலில் சிமெண்டுத் தரை தகிக்கும். தொட்டிக்கு அடியில் இரண்டு செங்கல் கொடுங்கள்.

இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் இரும்புச் சத்துக் குறை. உப்புத் தண்ணீர் ஊற்றும் வீடுகளில் இது சகஜம். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் அன்னபேதி கரைத்துச் சாயங்காலத்தில் இலைமேல் தெளியுங்கள். மண்மேல் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் மழைநீரைத் தாராளமாக ஊற்றி, அடித்துளை வழியே வடியவிடுங்கள்.

புதுத் தளிர் வரும்வரை உரம் கூடாது. காய்ச்சலில் கிடப்பவனுக்கு யாரும் விருந்து வைப்பதில்லையே! தளிர் வந்தபின் மாதம் ஒரு கைப்பிடி மண்புழு உரம் போதும்.

அவசரப்படாமல் செய்து பாருங்கள்.