தரங்கம்பாடி: ஒரு மணி நேரத்துல முடியற ஊர் இல்ல

வீக்கெண்ட் ட்ரிப்னு ஆபீஸ் குரூப்ல பேச்சு வந்தாலே முதல் மெசேஜ் பாண்டிச்சேரி, அடுத்தது ஏலகிரி. நல்ல ஊர்தான் ரெண்டும். ஆனா சனிக்கிழமை போனா பாதி ஓஎம்ஆர் அங்கதான் நிக்குது. அதனால இந்த எபிசோடில் தரங்கம்பாடி பத்திப் பேசலாம்.

பலருக்கும் இது காரைக்கால், வேளாங்கண்ணி போற வழியில் ஒரு மணி நேர ஸ்டாப். கோட்டை முன்னாடி ஒரு போட்டோ, கடல் முன்னாடி ஒரு ரீல், கிளம்பு. அவ்ளோ அவசரமா பார்த்தா இது வெறும் பழைய கட்டடம் நாலு இருக்கற ஊர்தான். ஒரு ராத்திரி தங்கிப் பார்த்தால்தான் இந்த ஊர் எப்படித் தப்பிப் பிழைச்சு வந்திருக்குன்னு புரியும்.

முதல்ல கோட்டை. 1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கருக்கும் ஓவே கியேட என்ற டென்மார்க் கடற்படைத் தளபதிக்கும் ஒப்பந்தம் ஆகுது. டேனிஷ்காரங்களுக்கு மிளகு வேணும். நாயக்கருக்கு வருஷா வருஷம் குத்தகைப் பணம். பக்கத்து நாகப்பட்டினத்தில் போர்ச்சுகீசியர்கள் ஏற்கெனவே கடை விரிச்சிருந்த காலம். இன்னொரு வியாபாரி வந்தா நாயக்கருக்கு லாபம்தானே? அப்படி எழுந்ததுதான் டேன்ஸ்போர்க் கோட்டை.

இதுக்கப்புறம் நடந்ததுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி. கம்பெனி நஷ்டத்தில் ஓடி, 1650இல் பங்குதாரர்களே கையைக் கழுவிட்டாங்க. டென்மார்க்கிலிருந்து கப்பல் வர்றதும் நின்னுபோச்சு. இங்கே இருந்த டேனிஷ்காரர்கள் ஒவ்வொருத்தரா செத்தும் போயும், 1655 வாக்கில் மிஞ்சியது ஒரே ஒருத்தர்: எஸ்கில் ஆண்டர்சன் கோங்ஸ்பக்க. தலைமை அலுவலகம் மூடியாச்சு, சம்பளம் இல்லை, ஆனா சர்வரை ஒருத்தர் மட்டும் ஆன்ல வெச்சிருக்கார்னு நினைச்சுக்கோங்க. குத்தகை கட்டலைன்னு நாயக்கர் படை முற்றுகை போடுது. இவர் வங்கக் கடலில் போற கப்பல்களைப் பிடிச்சு, வித்த காசில் ஊரைச் சுத்தி மதில் கட்டறார். கடற்கொள்ளைன்னும் சொல்லலாம், நான் அப்படித்தான் சொல்வேன். கடைசியில் நாயக்கரோட சமாதானமும் பேசி முடிக்கறார். 1669இல் 'ஃபேரோ' என்ற கப்பல் வந்தப்போ கொடி இன்னும் பறந்துட்டிருந்தது. இருந்த டேனிஷ்காரர் இவர் ஒருத்தர்தான். அப்போ கூட நின்னு அந்த மதிலைக் காத்தவங்க எல்லாம் நம்ம பக்கத்து ஆட்கள்தான். அவங்க பேர் எந்தப் பலகையிலும் கிடையாது. கோட்டைக்குள்ள இருக்கற சின்ன மியூசியத்தில் சுத்தும்போது இதை மனசுல வெச்சுக்கோங்க.

ராஜ வீதிக்கு வருவோம். 1792 என்று போட்ட நுழைவாயிலில் இருந்து கடற்கரை வரை நேரா ஒரே தெரு. நடந்தா பத்து நிமிஷம். வழியில் 1718இல் கட்டிய புதிய எருசலேம் தேவாலயம். 1706 ஜூலையில் இந்த ஊருக்கு வந்த சீகன்பால்க் அடக்கமாகியிருப்பது அங்கதான். ஊர் கமாண்டரோட மோதினதுக்காக இதே கோட்டைக்குள்ள அவர் நாலு மாசம் சிறையில் இருந்தார்ங்கறதை நிறைய பேர் கவனிக்கறதில்லை.

சீகன்பால்க்னு சொன்னதும் வாட்ஸ்அப்ல ஒரு ஃபார்வேர்ட் வரும்: தமிழில் முதல் அச்சுப் புத்தகம் தரங்கம்பாடியில்தான் வந்ததுன்னு. அது சரியில்லை. 'தம்பிரான் வணக்கம்' 1578லேயே கொல்லத்தில் அச்சானது. தரங்கம்பாடியோட பெருமை வேற. 1712இல் லண்டனிலிருந்து அச்சு இயந்திரம் வந்தது, ஜெர்மனியின் ஹாலே நகரத்தில் தமிழ் எழுத்துகளை வார்த்து அனுப்பினாங்க. பிரச்சினை என்னன்னா எழுத்துகள் ரொம்பப் பெரிசு. பேப்பரோ கப்பலில் வரணும். ஃபாண்ட் சைஸ் பெரிசானா பக்கம் ஏறும், பேப்பர் காலி. அதனால இங்கேயே சின்ன எழுத்துகளை வார்த்தாங்க. பேப்பர் செய்யப் பக்கத்துலயே ஆலையும் போட்டாங்க. அந்த இடத்துக்கு இன்னமும் கடுதாசிப்பட்டறைன்னுதான் பேர். தமிழ் புதிய ஏற்பாடு 1715இல் முழுசா அச்சாகி முடிஞ்சது. வெளியூர்லேர்ந்து வந்த டூல் செட் ஆகலைன்னா உள்ளூரில் செஞ்சுக்கோன்னு முந்நூறு வருஷம் முன்னாடியே பண்ணியிருக்காங்க.

1845இல் டென்மார்க் இந்த ஊரையும் வங்காளத்தில் இருந்த சேரம்பூரையும் பிரிட்டிஷாருக்கு வித்துட்டுப் போயிடுச்சு. அதுக்கப்புறம் வியாபாரம் பெரிய துறைமுகங்களுக்குப் போச்சு. அந்தப் பழைய தெருவமைப்பு இன்னிக்கும் தப்பிச்சு நிக்கறதுக்கு அதுவும் ஒரு காரணம்னு நான் நினைக்கறேன்.

இப்போ கடலோரம். கோட்டைக்கு வடக்கே கொஞ்ச தூரத்தில் மாசிலாமணி நாதர் கோயில். 1306இல், மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்தது. டேனிஷ்காரங்க வர்றதுக்கு முந்நூறு வருஷத்துக்கு முன்னாடி. கோயிலின் முன்பகுதியை ஏற்கெனவே கடல் தின்னுடுச்சு. மிச்சம் இருக்கறதுக்கு முன்னாடி பாறாங்கல்லைக் கொட்டி அரண் போட்டிருக்காங்க. அலை வந்து அந்தக் கல்லில் மோதற சத்தம் கருவறை வரை கேட்குது. பக்கத்திலேயே மீனவர் குடியிருப்பு. 2004 டிசம்பர் 26 சுனாமி அங்கே எத்தனையோ வீடுகளைக் காலி பண்ணின நாள். அங்கே கேமராவைத் தூக்கிட்டு நுழையறதுக்கு முன்னாடி ஒரு வணக்கம் சொல்லுங்க, கேட்டுட்டு எடுங்க. வலை பிரிக்கற அண்ணன்களும் அக்காக்களும் டூரிஸ்ட் ஸ்பாட் இல்லை.

போறது எப்படின்னா: வெள்ளி ராத்திரி ரயிலில் மயிலாடுதுறை, அங்கிருந்து பஸ்ஸில் சுமார் 30 கிலோமீட்டர். பொறையார் வழியா போற பஸ் கேளுங்க. சனிக்கிழமை உச்சி வெயிலில் கோட்டை மாடியில் நிக்காதீங்க, சாயங்காலம் போங்க. அறை முன்கூட்டியே பார்த்து வெச்சுக்கோங்க, தங்கறதுக்கு இடங்கள் கம்மி. சாப்பாட்டுக்குப் பெருசா எதிர்பார்க்காதீங்க, பொறையார்ல நல்ல பரோட்டா கிடைக்கும். ஞாயிறு விடியற்காலை அலாரம் வெச்சு எழுந்து கோயில் பக்கம் போய் உக்காருங்க. கிழக்குக் கடற்கரை, சூரியன் நேரா கடலுக்குள்ளேர்ந்து வரும். அந்த நேரத்துல படகுகளும் கரை திரும்பும்.