'உனக்கு இன்னும் 18 ஆகல, ஒண்ணும் பண்ண மாட்டாங்க' - பையன்களை சிக்க வைக்கும் பேச்சு: முதல் கேசிலேயே மீட்க சட்டத்தில் வழி உண்டு

திருத்துறைப்பூண்டி:-

சம்பா அறுவடை முடிந்து வயல் காய்ந்து கிடக்கும் மாதங்களில் திருத்துறைப்பூண்டி சுற்றுவட்டார கிராமங்களில் இளவட்டங்களுக்கு வேலை குறைவு. அறுவடை மெஷின் வந்த பிறகு இருந்த கொஞ்சநஞ்ச கூலி வேலையும் போய்விட்டது. மேட்டூர் அணை திறந்து ஆற்றில் தண்ணீர் வரும் வரை பாலத்து கட்டையிலும் டீக்கடை பெஞ்சிலும்தான் பொழுது போகும்.

இந்த நேரம் பார்த்துதான் ஒரு 'அண்ணன்' வருவார். முதலில் பிரியாணி, வண்டிக்கு பெட்ரோல், செல்போனுக்கு ரீசார்ஜ். கோவில் திருவிழா பிளக்சில் பையனின் படத்தையும் ஒரு ஓரமாக போட்டு விடுவார். அதன்பிறகு மெதுவாக ஆரம்பிக்கும். "இந்த பையை அங்க குடுத்துட்டு வா", "சும்மா கூட வந்து நில்லு, போதும்". பையன் தயங்கினால் கைவசம் ஒரு பதில் தயாராக இருக்கும். "உனக்கு இன்னும் 18 ஆகல, ஒண்ணும் பண்ண மாட்டாங்க".

இந்த பேச்சில் பாதி பொய். மீதி பாதியும் அண்ணனுக்கு சாதகமான உண்மை. சட்டம் என்ன சொல்கிறது என்று பெற்றோர் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

தனியாக போனால் டைரி, அண்ணனோடு போனால் எப்.ஐ.ஆர்.

18 வயது நிரம்பாதவர்களுக்கு 2015-ம் ஆண்டின் இளைஞர் நீதி சட்டம் பொருந்தும். அடிதடி, திருட்டு போன்றவற்றில் ஒரு சிறுவன் சிக்கினால் சாதாரணமாக எப்.ஐ.ஆர். போடக்கூடாது. ஸ்டேஷன் பொது டைரியில் குறித்து, சிறுவனின் குடும்ப விவரத்தோடு இளைஞர் நீதி குழுமத்துக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். 2016-ல் மத்திய அரசு கொண்டு வந்த மாதிரி விதிகள் இப்படித்தான் சொல்கின்றன.

இதற்கு 2 விதிவிலக்கு உண்டு. ஒன்று, கொலை போன்ற கொடுங்குற்றம். மற்றொன்று, பெரியவர்களோடு சேர்ந்து செய்த குற்றம். அதாவது எந்த அண்ணன் "உனக்கு ஒண்ணும் ஆகாது" என்கிறாரோ, அவரோடு போன ஒரே காரணத்தால்தான் டைரியோடு முடிய வேண்டியது எப்.ஐ.ஆர். ஆகிறது. இதை எந்த அண்ணனும் பையனிடம் சொல்ல மாட்டார்.

16 வயது முடிந்தவன் கொலை வழக்கில் சிக்கினால் நிலைமை இன்னும் மோசம். அவனது மனநிலை, செய்ததன் விளைவு அவனுக்கு புரிந்திருந்ததா என்பதை எல்லாம் குழுமம் பார்க்கும். தேவைப்பட்டால் வழக்கை குழந்தைகள் கோர்ட்டுக்கு மாற்றி, பெரியவர் போலவே விசாரிக்க சொல்லலாம். 2012-ல் டெல்லி ஓடும் பஸ்சில் நடந்த கொடூரத்துக்கு பிறகு கொண்டு வரப்பட்ட மாற்றம் இது. தூக்கும், விடுதலைக்கே வழியில்லாத ஆயுள் தண்டனையும் கிடையாது. மற்றபடி ஆண்டுக்கணக்கில் உள்ளே இருக்க நேரிடும்.

அண்ணனுக்கும் தண்டனை இருக்கிறது. சிறுவர்களை கும்பல் வேலைக்கு பயன்படுத்தினால் இளைஞர் நீதி சட்டம் 83-வது பிரிவில் 7 ஆண்டு வரை கடுங்காவல், 5 லட்சம் ரூபாய் அபராதம். கஞ்சா, சாராயம் கடத்த பயன்படுத்தினால் 78-வது பிரிவு. 2024 ஜூலை 1-ந்தேதி அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 95-வது பிரிவு இன்னும் கடுமையானது. சிறுவனை குற்றம் செய்ய அமர்த்தினாலே குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 10 ஆண்டு. சிறுவன் அந்த குற்றத்தை செய்துவிட்டால், அமர்த்தியவரே செய்ததாக கருதி தண்டனை. பையனை பிடித்து வரும்போது இந்த பிரிவுகளையும் சேர்க்க சொல்லி பெற்றோர் எழுத்து மூலம் கேட்கலாம். கேட்பவர்கள்தான் குறைவு.

முதல் 24 மணி நேரம்

சிறுவனை லாக்கப்பில் வைக்கக்கூடாது. விலங்கு மாட்டக்கூடாது. 24 மணி நேரத்துக்குள் குழுமத்தின் முன்பு நிறுத்த வேண்டும். பெற்றோருக்கு தகவல் சொல்ல வேண்டும். வயதை நிரூபிக்க முதலில் பள்ளி சான்றிதழ், அது இல்லை என்றால் நகராட்சி அல்லது பஞ்சாயத்து பிறப்பு சான்றிதழ், இரண்டும் இல்லாதபோதுதான் எலும்பு பரிசோதனை. ஆகவே ஸ்டேஷனுக்கு ஓடும்போது வக்கீலை தேடுவதற்கு முன்பே பீரோவில் இருக்கும் பள்ளி சான்றிதழை எடுத்துக்கொண்டு ஓடுங்கள்.

ஜாமீன் விஷயத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். சிறுவர்களுக்கு எந்த வழக்கிலும் ஜாமீன் கொடுப்பதுதான் சட்டத்தின் பொதுவிதி. வெளியே விட்டால் குற்றவாளிகளோடு சேர்ந்து விடுவான், அவனுக்கே ஆபத்து, நீதிக்கு கேடு என்று குழுமம் கருதினால் மட்டுமே மறுக்கும். "என் புள்ள நல்லவன் சார்" என்று அழுது பிரயோஜனம் இல்லை. பழைய கூட்டத்தை விட்டு அவன் எங்கே தங்குவான், மாமா வீடா, சித்தப்பா வீடா, எந்த பள்ளி, எந்த ஐ.டி.ஐ., யார் பொறுப்பு என்று தெளிவாக எழுதிக் கொடுக்க வேண்டும். நன்னடத்தை அலுவலர் வீட்டுக்கு வந்து விசாரிக்கும்போதும் இதையேதான் பார்ப்பார். அவரை போலீஸ் என்று நினைத்து கதவை சாத்துவது புத்திசாலித்தனம் அல்ல. பையனின் எதிர்காலம் அவரது அறிக்கையில் இருக்கிறது.

வக்கீல் வைக்க பணம் இல்லையா? சிறுவர்களுக்கும், ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. கோர்ட்டில் உள்ள வட்ட சட்டப்பணிகள் குழுவில் மனு கொடுத்தால் போதும். 15100 என்ற எண்ணிலும் பேசலாம். குழந்தைகளுக்கு 1098.

கூர்நோக்கு இல்லத்தில் கொஞ்ச நாள் இருந்தால் திருந்தி விடுவான் என்று சில அப்பாக்களே நினைக்கிறார்கள். செங்கல்பட்டு இல்லத்தில் 2022 டிசம்பர் 31-ந்தேதி 17 வயது சிறுவன் அடித்தே கொல்லப்பட்டான். பேட்டரி திருடியதாக பிடிபட்டவன் அவன். இல்ல ஊழியர்கள் கைதானார்கள். இல்லங்களை சீரமைக்க ஓய்வுபெற்ற நீதிபதி கே.சந்துரு தலைமையில் ஒருநபர் குழுவையே அரசு அமைக்க வேண்டி வந்தது.

18 தாண்டினால் பாஸ்போர்ட்டுக்கும் சிக்கல்

நம்ம ஊர் பையன்களுக்கு கனவு இரண்டுதான். ஒன்று போலீஸ் அல்லது ராணுவம், அதற்காக விடியற்காலையில் ஓடுகிறார்கள். இன்னொன்று துபாய், சிங்கப்பூர். 18 வயதுக்கு மேல் ஒரு கோஷ்டி மோதலில் பெயர் சேர்ந்தால் இரண்டுக்கும் ஆப்பு. கோர்ட்டில் வழக்கு நிலுவையில் இருந்தால் பாஸ்போர்ட் மறுக்கப்படலாம், கோர்ட்டு அனுமதி வாங்கித்தான் போக முடியும். தமிழக போலீஸ் வேலைக்கு, சந்தேகத்தின் பலனை கொடுத்து விடுதலை செய்தால் கூட அது விடுதலையாக கணக்கில் வராது.

18 வயதுக்குள் என்றால் கதை வேறு. குழுமத்தில் முடிந்த வழக்கு பிற்கால வேலைக்கு தடை ஆகாது, ஆவணங்களையும் அழித்துவிட வேண்டும் என்கிறது 24-வது பிரிவு. கோர்ட்டில் பெரியவர் போல தண்டிக்கப்பட்டவர்களுக்கு மட்டும் இந்த சலுகை இல்லை. பேப்பரில் பெயரோ படமோ போடவும் தடை. பேப்பரில் பெயர் வந்தால் கெத்து என்று நினைக்கும் தம்பிகள் கவனிக்க.

18 முதல் 21 வயது வரை உள்ளவர்களுக்கும் ஒரு வாசல் திறந்தே இருக்கிறது. 1958-ம் ஆண்டு நன்னடத்தை சட்டப்படி, ஆயுள் தண்டனைக்குரிய குற்றம் தவிர மற்றவற்றில் 21 வயதுக்குட்பட்டவரை ஜெயிலுக்கு அனுப்ப வேண்டுமானால் அதற்கான காரணத்தை கோர்ட்டு எழுத வேண்டும். வாதாடும் வக்கீல் இதை எடுத்து சொல்ல வேண்டும்.

வழக்குக்கு முன்பே தெரியும்

கையில் கலர் கயிறு, வகுப்பில் தனி கோஷ்டி, ஸ்டேட்டசில் அரிவாள் படம் என்று எல்லாம் முதலில் பள்ளியில்தான் தெரியும். நாங்குநேரியில் 2023 ஆகஸ்டு 9-ந்தேதி இரவு பிளஸ்-2 மாணவனையும் தடுத்த தங்கையையும் வீடு புகுந்து வெட்டியது சக பள்ளி மாணவர்கள். அவன் தொல்லை தாங்காமல் பள்ளியில் முன்பே புகார் சொல்லியிருந்தான். அதை தொடர்ந்து அமைக்கப்பட்ட சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. சாதி கயிறுக்கு தடை, பெரிய பள்ளிகளில் மாணவர் நல அதிகாரி என்று பல பரிந்துரைகள். டெல்டாவில் அந்த அளவு இல்லை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கபடி போட்டியிலும் பிளக்ஸ் கிழிப்பிலும் ஆரம்பிக்கும் சண்டை எந்த தெருவுக்கும் எந்த தெருவுக்கும் என்று ஊருக்கே தெரியும்.

பையனை இழுத்துப் பிடிக்க அட்வைஸ் மட்டும் போதாது, கையில் ஒரு வேலை வேண்டும். அரசு பள்ளியில் 6 முதல் பிளஸ்-2 வரை படித்த மாணவர்கள் கல்லூரி, பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. சேர்ந்தால் மாதம் ரூ.1,000 என்ற தமிழ்ப்புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கப்பட்டது. அண்ணன் கொடுக்கும் பெட்ரோல் காசை விட இது அதிகம்.

பிரச்சினை வந்ததும் ராத்திரியோடு ராத்திரியாக திருப்பூருக்கு பஸ் ஏற்றிவிடும் பழக்கம் இங்கே உண்டு. கூட்டத்தை விட்டு பிரிக்க அது நல்ல யோசனைதான். ஆனால் குழுமத்தில் வழக்கு இருக்கும்போது சொல்லாமல் போனால் தலைமறைவு என்று ஆகிவிடும். போகும் முகவரியை நன்னடத்தை அலுவலரிடம் எழுதிக் கொடுத்து, வாய்தா தேதியை குறித்துக்கொண்டு, அந்த நாளில் திருவாரூருக்கு கூட்டி வர ஒரு ஆளையும் ஏற்பாடு செய்துவிட்டு அனுப்புங்கள்.