எந்த மேஜையில் எந்தக் காகிதம்?

அமெரிக்க தேசத்தில் ஒரு மனிதன் கலியாணம் செய்துகொண்டதற்கும், வீடு வாங்கியதற்கும், அந்த வீட்டை அடமானம் வைத்துக் கடன்பட்டதற்கும், கடைசியில் கண்ணை மூடியதற்கும் அத்தாட்சியாக நிற்கும் காகிதங்களெல்லாம் வாஷிங்டன் நகரத்து மாளிகைகளில் அடுக்கி வைக்கப்பட்டிருக்கும் என்று எண்ணித் தேடப் புறப்படுகிறவர், வெகு தூரம் சுற்றியலைந்துவிட்டு, அவன் குடியிருந்த இடத்திலிருந்து சில மைல் தொலைவிலே இருக்கும் ஒரு கவுண்டிக் காரியாலயத்தின் வாசலில்தான் வந்து நிற்பார்.

கவுண்டி என்பதை நம் ஜில்லாவைப் போன்ற ஒரு பிரிவு என்று சொல்லிவைக்கலாம். ஆனால் அந்தத் தேசம் முழுவதிலும் 3,000-க்கு மேற்பட்டிருக்கும் கவுண்டிகளில், லாஸ் ஏஞ்சலிஸைப் போல ஒரு கோடி ஜனங்கள் வசிப்பதும் உண்டு. 2020-ஆம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கில் 64 பேர் மட்டுமே தேறிய டெக்ஸஸின் லவிங் கவுண்டியும் உண்டு. லூயிஸியானாவில் இதற்கு ‘பாரிஷ்’ என்று பெயர்; கனெக்டிகட்டிலோ 1960-ஆம் வருஷத்தில் கவுண்டி நிர்வாகத்தையே கலைத்துவிட்டார்கள், பத்திரங்கள் அந்தந்த ஊர் கிளார்க்கிடம் இருக்கின்றன. இவற்றைவிட முக்கியமான வித்தியாசம் ஒன்று இருக்கிறது. நம் ஊரில் ஜில்லா என்றால் கலெக்டர் என்ற ஒருவருடைய உருவம் மனத்தில் எழுகிறது. அங்கே அநேக கவுண்டிகளில் பத்திரம் பதிகிறவர், சொத்துக்கு வரி மதிப்புப் போடுகிறவர், கிளார்க், ஷெரீப் ஆகியோரை ஜனங்கள் தனித்தனியே வோட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பதால், ஒருவர் வசமுள்ள தஸ்தாவேஜுக்கு இன்னொருவர் ஜவாப்தாரி அல்ல. “கவுண்டியில் கேட்டேன், இல்லை என்று சொல்லிவிட்டார்கள்” என்று அங்கலாய்க்கிறவர், பெரும்பாலும், கவுண்டியின் ஒரு மேஜையில் கேட்டுவிட்டு மற்ற மேஜைகளைப் பாராமல் திரும்பியவராகவே இருப்பார்.

கலிபோர்னியாவை எடுத்துக்கொள்வோம். கிரயப் பத்திரம் ரிக்கார்டரிடம் இருக்கும். அதே வீட்டுக்கு எத்தனை டாலர் மதிப்பிட்டு வரி விதித்தார்கள் என்பது அஸெஸரிடம். வரி செலுத்தப்பட்டதா என்பது டாக்ஸ் கலெக்டரிடம். கலியாணத்துக்கு லைசென்ஸ் கொடுப்பவர் கவுண்டி கிளார்க். அந்தக் கலியாணம் முறிந்து விவாகரத்து ஆனால் அதன் தீர்ப்பு சுப்பீரியர் கோர்ட்டில் இருக்கும். அந்தக் கோர்ட் கவுண்டியின் பெயரைத் தாங்கியிருந்தாலும் மாகாண நீதித்துறையைச் சேர்ந்தது. சர்க்கார் காகிதங்களை ஜனங்கள் கேட்டுப் பெற வழிசெய்யும் பொது ஆவணச் சட்டம் அதைக் கட்டாது, கோர்ட்டுக்கென்று தனி விதிகள் இருக்கின்றன. லாஸ் ஏஞ்சலிஸில் வாக்காளர் பட்டியல், பத்திரப் பதிவு, கிளார்க் வேலை ஆகிய மூன்றையும் ஒரே இலாகா கவனிக்கிறது. சிக்காகோ நகரம் அடங்கிய குக் கவுண்டியில் தனியாக இருந்த ரிக்கார்டர் பதவியை, 2016-ல் ஜனங்கள் வோட்டளித்துத் தீர்மானித்தபடி, 2020 டிசம்பரில் கிளார்க் பதவியோடு சேர்த்துவிட்டார்கள். ஆகையால், எந்தக் காகிதம் வேண்டும் என்பதை நிச்சயித்துக்கொண்ட பிறகு, அதை அந்தக் கவுண்டியில் இன்றைய தினம் யார் வைத்திருக்கிறார் என்று விசாரித்துத் தெரிந்துகொள்வதே பாதி வேலை.

இங்கே ஒரு பேதத்தை வற்புறுத்த வேண்டியிருக்கிறது. இதைக் கவனியாமல் மனுவுக்கு மேல் மனுப் போட்டு அலுத்தவர்கள் அநேகர். கவுண்டியில் இரண்டு ஜாதிக் காகிதங்கள் உண்டு. ஒன்று, ஊரார் பார்க்க வேண்டும் என்பதற்காகவே பதிவு செய்யப்பட்டது. மற்றொன்று, சர்க்கார் தன் வேலைக்காகத் தானே எழுதிக்கொண்டது. முதல் ஜாதிக்கு மனுவே தேவையில்லை. நேரே போய் அட்டவணையைப் புரட்ட வேண்டியதுதான்.

கிரயப் பத்திரம் முதல் ஜாதி. இந்த நிலத்தை இன்னார் இன்னாருக்கு விற்றார் என்ற செய்தி உலகத்துக்குத் தெரிந்திருந்தால்தான், அதே நிலத்தை அவர் மறுபடி வேறொருவர் தலையில் கட்ட முடியாமற்போகும். நம் சார்பதிவாளர் காரியாலயத்தில் பணம் கட்டினால் வில்லங்கச் சான்று என்று ஒன்றைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். அமெரிக்க ரிக்கார்டர் சாதாரணமாக அப்படி எதுவும் செய்து கொடுப்பதில்லை. அவரிடம் இருப்பது எழுதிக் கொடுத்தவர் பெயர் வரிசை ஒன்று, எழுதி வாங்கினவர் பெயர் வரிசை ஒன்று, அவ்வளவே. இப்போதைய சொந்தக்காரரின் பெயரை வாங்கினவர் வரிசையில் தேடினால், அவருக்கு விற்றவர் யார் என்று தெரியவரும். பிறகு அந்த விற்றவரை வாங்கினவர் வரிசையில் தேடினால் அவருக்கு முந்தியவர் அகப்படுவார். இப்படியே ஏணிப்படியில் இறங்குவதைப் போலப் பின்னோக்கிப் போய், பிறகு ஒவ்வொருவரையும் கொடுத்தவர் வரிசையிலே வைத்து, இடையில் அடமானமோ பாத்தியதையோ எழுதிக்கொடுத்தாரா என்று பார்த்துக்கொண்டு மேலே ஏறி வர வேண்டும். இந்த ஏற்ற இறக்கத்தைத் தொழிலாகவே செய்கிற கம்பெனிகள் அங்கே உண்டு. தாங்கள் பார்த்ததில் பிசகு இருந்தால் நஷ்டஈடு தருகிறோம் என்று இன்ஷூரன்ஸும் விற்கிறார்கள்.

பெயரை நம்பி நடக்கிற இந்த ஏற்பாடு தமிழர்களுக்குக் கொஞ்சம் சங்கடம் தரக்கூடியது. வம்சப் பெயர் என்று ஒன்று இல்லாமல், தகப்பனார் பெயரின் முதலெழுத்தைச் சுமந்துகொண்டு கடல் கடந்து போனவர், பாஸ்போர்ட்டில் ஒருவிதமாகவும் பாங்கில் வேறுவிதமாகவும் எழுதப்பட்டு, வீடு வாங்கும்போது அப்பா பெயரிலேயே அட்டவணையில் ஏறிவிடுவது உண்டு. கந்தசாமி முருகேசனைத் தேடுகிறவர் ‘க’விலும் பார்க்க வேண்டும், ‘மு’விலும் பார்க்க வேண்டும்.

பழைய பத்திரங்களை இப்படிப் புரட்டுகிறவர்கள் மனம் கசக்கும் வாசகம் ஒன்றையும் சில சமயம் சந்திப்பார்கள். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பல நகரங்களில் மனை விற்றவர்கள், வெள்ளையரல்லாதார் இந்த மனையில் வசிக்கலாகாது, வீட்டு வேலைக்காரராக இருந்தாலன்றி, என்று பத்திரத்திலேயே நிபந்தனை எழுதிவைத்தார்கள். இத்தகைய நிபந்தனையை எந்தக் கோர்ட்டும் அமல் செய்யக் கூடாதென்று 1948-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. ஆனாலும் எழுதின எழுத்து அழியவில்லை, வீடு கைமாறும்போதெல்லாம் கூடவே வந்துகொண்டிருந்தது. கவுண்டி ரிக்கார்டர்களே தங்கள் பதிவுகளைத் துழாவி அந்த வாசகங்களை மறைக்க வேண்டும் என்று கலிபோர்னியா 2021-ல்தான் சட்டம் செய்தது. தங்கள் வீட்டின் பழைய பத்திரத்தை ஆசையோடு வாங்கிப் பார்க்கும் ஒரு தமிழ்க் குடும்பம், தாங்கள் வேலைக்காரராக மட்டுமே நுழையத்தக்க கூடத்தில் உட்கார்ந்துதான் அதைப் படிக்கிறோம் என்று தெரிந்துகொள்வது அசாத்தியமான காரியம் அல்ல.

எல்லாப் பதிவும் எல்லோருக்கும் என்று இல்லை. கலிபோர்னியாவில் பிறப்புச் சான்றின் முழு உரிமையுள்ள நகல் சம்பந்தப்பட்டவருக்கும் நெருங்கிய உறவினருக்கும் சட்டம் குறிப்பிடும் வேறு சிலருக்கும்தான் கிடைக்கும். மற்றவர் கேட்டால், ஆள் அடையாளத்துக்குச் செல்லாது என்று அச்சிட்ட நகல் ஒன்றைக் கொடுப்பார்கள். ரகசியக் கலியாண லைசென்ஸ் என்று ஒரு வகை இருக்கிறது. தம்பதிகளைத் தவிர வேறெவரும் கோர்ட் உத்தரவு இல்லாமல் அதன் நகலைப் பெற முடியாது.

இனி இரண்டாவது ஜாதி: பாலத்தைப் பரிசோதித்த என்ஜினீயரின் அறிக்கை, குப்பை அள்ளும் ஒப்பந்தம், அதிகாரிகள் ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்ட மின்னஞ்சல் முதலியவை. இவற்றுக்குத்தான் மனு வேண்டும். ஜனாதிபதி ஜான்ஸன் 1966 ஜூலை 4-ஆம் தேதி கையெழுத்திட்ட தகவல் சுதந்திரச் சட்டத்தைப் பலர் இங்கே மேற்கோள் காட்டுகிறார்கள். அது மத்திய சர்க்காரின் இலாகாக்களுக்கு மட்டுமே உரியது. கவுண்டியின் மேஜையில் அதற்கு மதிப்பில்லை. கவுண்டியைக் கட்டுவது மாகாணத்தின் பொது ஆவணச் சட்டம். கலிபோர்னியாவில் 1968-ல், ரொனால்ட் ரீகன் கவர்னராக இருந்தபோது, அது பிறந்தது.

மனு எழுதுவதில் ஒரு சூட்சுமம் உண்டு. சட்டம் காகிதத்தைத் தரும், பதிலைத் தராது. “எங்கள் தெருக்கோடிப் பாலத்தை ஏன் இன்னும் செப்பனிடவில்லை?” என்று எழுதினால் அது கேள்வி; பதில் சொல்ல எவருக்கும் கடமையில்லை. “இன்ன சாலையில் உள்ள பாலத்தைப் பற்றி 2023 ஜனவரி முதல் டிசம்பர் வரை பொதுப்பணி இலாகா பெற்ற பரிசோதனை அறிக்கைகள், மதிப்பீடுகள் ஆகியவற்றின் நகல் வேண்டும்” என்று எழுதினால் அது ஆவணம். குமாஸ்தா எழுந்து போய் எடுக்கக்கூடிய ஒரு கட்டின் பெயரைச் சொல்வது போல எழுத வேண்டும். அப்படி எழுதத் தெரியாதவருக்கு யோசனை சொல்லி உதவ வேண்டியதும் காரியாலயத்தின் கடமை என்று கலிபோர்னியச் சட்டம் சொல்கிறது. எதற்காகக் கேட்கிறாய் என்பதை வைத்து மறுக்கவும் கூடாது. பக்கத்து வீட்டுக்காரன் மேலுள்ள பொறாமையால் கேட்டாலும் சரி, ஆராய்ச்சிக்காகக் கேட்டாலும் சரி, சட்டத்துக்கு இரண்டும் ஒன்றே.

கலிபோர்னியாவில் பத்து நாள் என்று ஒரு கெடு உண்டு. நம் 2005-ஆம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டத்தின் முப்பது நாளைப் பழகியவர்களுக்கு இது வேகமாகத் தோன்றும். ஆனால், கொடுக்கத்தக்க ஆவணம் இருக்கிறதா என்று தீர்மானித்துச் சொல்வதற்குத்தான் அந்தப் பத்து நாள். விசேஷ காரணம் இருந்தால் இன்னும் பதினான்கு நாள் சேரும். காகிதம் கைக்கு வருவது அதற்கும் பிறகு. நியூயார்க்கில் ஐந்து வேலை நாளுக்குள் ஏதேனும் ஒரு ஜவாப் வர வேண்டும். பக்கத்துக்கு 25 சென்ட் வரை வாங்கலாம். புளோரிடாவில் பெயரைக்கூடச் சொல்லாமல் வாயால் கேட்டாலே போதும், சாதாரணப் பக்கம் 15 சென்ட்; கெடு மட்டும் கிடையாது. டெக்ஸஸில் ஓர் ஆவணத்தை மறைக்க விரும்பும் கவுண்டி பத்து வேலை நாளுக்குள் மாகாண அட்டர்னி ஜெனரலின் தீர்மானத்தைக் கோர வேண்டும். கலிபோர்னியாவில் அப்படி ஒரு நடுவர் இல்லை. மறுத்தால் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும், ஜயித்தால் வக்கீல் பீஸைக் கவுண்டி கொடுக்கும்.

கோர்ட்டுக்குப் போனவர்களில் ஸியரா கிளப் என்ற சுற்றுச்சூழல் சங்கத்தின் வழக்கைச் சற்று விரித்துச் சொல்லலாம். ஆரஞ்சு கவுண்டி தன் எல்லையிலுள்ள சுமார் 6,40,000 மனைகளின் எல்லைகளையும் கம்ப்யூட்டர் வரைபடமாகச் செய்து வைத்திருந்தது. 2007-ல் சங்கம் அதைக் கேட்டபோது, படமாக அச்சிட்டு வேண்டுமானால் தருகிறோம், ஆனால் கணக்கிட்டு ஆராய்வதற்கு உகந்த மூல வடிவில் வேண்டுமென்றால் 3,75,000 டாலர் லைசென்ஸ் கட்டணம் கட்டுங்கள் என்றது கவுண்டி. மென்பொருளை வெளியிட வேண்டியதில்லை என்று சட்டத்தில் ஒரு விலக்கு இருக்கிறதே, அதுதான் அவர்கள் பிடித்துக்கொண்ட கொம்பு. கீழ்க் கோர்ட்டுகள் கவுண்டியின் பக்கம் நின்றன. 2013-ல் மாகாண சுப்ரீம் கோர்ட் ஏகமனதாக வேறு சொன்னது: வரைபடத்தை இயக்கும் மென்பொருள் வேறு, அதற்குள் இருக்கும் தகவல் வேறு, தகவல் ஜனங்களுடையது, நகல் எடுக்கும் செலவை மட்டும் வாங்கிக்கொண்டு கொடுத்துவிடு. ஆறு வருஷம் பிடித்தாலும், ஜனங்களின் வரிப்பணத்தில் தயாரித்த ஒன்றை அவர்களுக்கே விலை வைத்து விற்கும் சாமர்த்தியத்துக்கு அது ஒரு முற்றுப்புள்ளி.

அந்த வருஷமே வாஷிங்டனிலிருந்து வந்த வேறொரு தீர்ப்பு எனக்கு அவ்வளவு உவப்பானதல்ல. வர்ஜீனியாவின் ஹென்ரைகோ கவுண்டியில் சொத்துவரிப் பதிவுகளைக் கேட்ட கலிபோர்னியாக்காரர் ஒருவரிடம், நீ இந்த மாகாணத்துப் பிரஜையல்ல என்று சொல்லி மறுத்தார்கள். அப்படி மறுப்பது அரசியல் சட்டத்துக்கு விரோதமில்லை என்று சுப்ரீம் கோர்ட் ஒரே குரலில் கூறிவிட்டது. இன்ன கவுண்டியில் கேட்கலாமா என்று யோசிக்கும்போது, கேட்பவர் எந்த மாகாணத்தவர் என்பதையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

காகிதமே இல்லாமற்போனால் என்ன ஆகும் என்பதற்கு ஸான் பிரான்ஸிஸ்கோ ஒரு சாட்சி. அது நகரமாகவும் கவுண்டியாகவும் ஒருசேர இருப்பது. 1906 ஏப்ரல் 18-ஆம் தேதிப் பூகம்பமும் அதைத் தொடர்ந்த தீயும் அங்கிருந்த பிறப்புப் பதிவுகளையும் பத்திரங்களையும் ஒருங்கே விழுங்கின. நிலம் வைத்திருந்தவர்கள் கோர்ட்டில் வழக்காடித் தங்கள் பாத்தியதையை மீண்டும் நிலைநாட்டிக்கொள்ள அதே வருஷம் சட்டம் வந்தது. சீனர்களின் கதை வேறு. 1882 முதல் சீனத் தொழிலாளிகள் அமெரிக்காவுக்குள் வரத் தடை இருந்தது. ஆனால் அந்த மண்ணில் பிறந்தவன் அந்நாட்டுப் பிரஜை என்று 1898-ல் சுப்ரீம் கோர்ட் சொல்லியிருந்தது. பதிவு எரிந்துபோனபின், நான் இங்கேதான் பிறந்தேன் என்று ஒருவன் சத்தியம் செய்தால், பொய் என்று காட்டச் சர்க்காரிடம் புத்தகம் இல்லை. அப்படிப் பிரஜையானவர்கள் சீனா போய் வந்து, அங்கே எனக்கு இத்தனை பிள்ளைகள் என்று எழுதிவைத்தார்கள். பிறக்காத பிள்ளைகளின் அந்த இடங்களை வேறு குடும்பத்துப் பையன்கள் விலை கொடுத்து வாங்கினார்கள். காகிதப் பிள்ளைகள் என்றே அவர்களுக்குப் பெயர்.

1910 முதல் 1940 வரை ஸான் பிரான்ஸிஸ்கோ விரிகுடாவிலுள்ள ஏஞ்சல் தீவில் அவர்களை நிறுத்திவைத்து அதிகாரிகள் விசாரித்தார்கள். உன் வீட்டு வாசலில் எத்தனை படி? அரிசிக் குதிர் எந்த மூலையில் இருக்கிறது? அடுத்த சந்தில் மூன்றாம் வீட்டில் யார்? பையன் சொன்னதும் ‘தகப்பன்’ சொன்னதும் ஒத்துவர வேண்டும். கப்பலில் மனப்பாடம் செய்துவந்த நோட்டுகளைக் கரை நெருங்குமுன் கடலில் எறிந்துவிடுவார்களாம். அந்த விசாரணைகளின் கேள்வியும் பதிலும் வார்த்தை பிசகாமல் டைப் செய்யப்பட்டு, இன்று ஸான் புரூனோவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் கட்டுக் கட்டாக இருக்கின்றன. பேரன் பேத்திகள் அங்கே போய்க் கேட்கிறார்கள். கேட்கும்போது தாத்தாவின் சொந்தப் பெயரைச் சொன்னால் எதுவும் கிடைக்காது. அவர் விலைக்கு வாங்கின பெயரைச் சொல்ல வேண்டும்.