ஊசி போட்டும் வந்ததே!



இலக்கியம் பேசும் இத்தொடரில் ஊசி மருந்துக்கு என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். ஒரு சொல்லுக்கு நாம் கொள்ளும் பொருள் ஒருவரின் உயிரோடு சம்பந்தப்பட்டுவிடும் சந்தர்ப்பங்களும் உண்டு. "தடுப்பு" என்பது அத்தகைய ஒரு சொல். அதைப் பற்றியே இன்று பேசலாம் என்றிருக்கின்றேன்.

2021 ஆம் ஆண்டு ஜூலை மாதத்தின் முற்பகுதி. கட்டுகஸ்தோட்டையில் நான் வழமையாகத் தேநீர் அருந்தும் கடை. எனக்கு நெடுநாள் பழக்கமான தையற்காரர் ஒருவர் என்னருகே வந்து அமர்ந்தார்.

"மாஸ்டர், பக்கத்து வீட்டுத் தம்பி ஆஸ்பத்திரியில வேலை. ரெண்டு ஊசியும் போட்டாரு. அவருக்கும் கொரோனா வந்திருச்சே! அப்ப ஊசி எதுக்கு?"

அருகிலிருந்தோர் சிரித்தனர். நானும் சிரித்தேன். அவர் தொடர்ந்தார்.

"அம்மாவுக்கு எழுபத்தெட்டு வயசு. எது நல்ல ஊசின்னு தெரிஞ்ச பிறகு போடலாம்னு இருக்கேன். நீங்க என்ன சொல்றீங்க?"

"பார்த்துச் செய்யுங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.

ஆகஸ்ட் மாதக் கடைசியில் அந்தத் தாயார் காலமானார். அவர் ஓர் ஊசியேனும் போட்டிருக்கவில்லை. உடல் வீட்டுக்குக் கொண்டுவரப்படவில்லை. மகியாவ மயானத்தில் நின்றவர்கள் நால்வர் மாத்திரமே. ஊசி போட்டிருந்தால் பிழைத்திருப்பார் என்று எவராலும் உறுதி கூற முடியாது. ஆனால், கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் எழுந்து வந்த குறை என்னுடையது. அன்று சொல்லாத பதிலை இன்று சொல்லிப் பார்க்கின்றேன்.

முதலில், அந்தத் தையற்காரரின் குழப்பம் எங்கிருந்து வந்தது என்பதைப் பார்ப்போம். நமது நாட்டில் கொவிட் தடுப்பூசி ஏற்றும் பணி 2021 ஜனவரி 29 ஆம் திகதி தொடங்கியது. இந்தியா அன்பளிப்பாக வழங்கிய ஐந்து இலட்சம் கொவிஷீல்ட் ஊசிகளே முதலில் வந்தவை. பின்னர் இந்தியாவில் இரண்டாவது அலை எழுந்தது, ஏற்றுமதி நின்றது. முதலாவது ஊசியைப் போட்டுக்கொண்டு இரண்டாவதற்காகக் காத்திருந்தோர் நாட்டில் ஆறு இலட்சம் பேரளவில் இருந்தனர். ஜப்பான் அனுப்பிய ஊசிகள் வந்த பின்னரே அவர்களது காத்திருப்பு முடிவுக்கு வந்தது.

மார்ச் மாத இறுதியில் சீனாவின் சினோபாம் ஆறு இலட்சம் வந்தது. எனினும், போதிய தரவுகள் வந்து சேரவில்லை என்ற வாதம் நிபுணர்கள் மத்தியிலேயே எழுந்ததால், அது இலங்கையருக்கு ஏற்றப்படாமல் களஞ்சியத்தில் கிடந்தது. மே 7 ஆம் திகதி உலக சுகாதார ஸ்தாபனம் அதனை அங்கீகரித்தது. மறுநாளே இங்கு ஏற்றத் தொடங்கினர். கண்டி மாவட்டத்துக்கோ ரஷ்யாவின் ஸ்புட்னிக்கும் வந்தது. இதன் முதலாவது ஊசியும் இரண்டாவது ஊசியும் ஒரே மருந்தல்ல. இரண்டாவது வந்து சேரத் தாமதமாயிற்று. ஜூலை 16 ஆம் திகதி அமெரிக்கா வழங்கிய 15 இலட்சம் மொடேர்னா ஊசிகள் நாட்டை வந்தடைந்தன. கண்டிக்கும் ஒரு பங்கு கிடைத்தது.

ஆக, ஒரு சில மாதங்களுக்குள் ஒரே நகரத்தில் பல நாட்டு ஊசிகள். "உனக்கு எது?" என்பதே தெருவெங்கும் பேச்சு. வெளிநாடு செல்ல எண்ணியிருந்த இளைஞர்கள், சீன ஊசியைச் சில ஐரோப்பிய நாடுகள் ஏற்பதில்லை என்று கேள்விப்பட்டு, பைசர் வரட்டும் என்று காத்திருந்தனர். பிள்ளைப்பேறு இல்லாமற் போகும் என்ற வதந்தி ஒரு புறம். கண்டிக்கு அயலான கேகாலையில் 2020 டிசம்பரில் ஒரு பாணி மருந்துக்காக ஆயிரக்கணக்கில் சனம் திரண்டமை மறு புறம். அந்தப் பாணியைப் பகிரங்கமாக அருந்திய சுகாதார அமைச்சரே அடுத்த மாதம் தொற்றுக்குள்ளானார் என்பது நாடறிந்த செய்தி.

இன்னொன்றையும் மறைக்காமற் சொல்ல வேண்டும். கண்டிக்கு அண்மையிலுள்ள அக்குறணை, 2020 மார்ச் மாதத்தில் நாட்டிலேயே முதன்முதலாக முடக்கப்பட்ட ஊர்களில் ஒன்று. கொவிட்டினால் இறந்த முஸ்லிம்களின் உடல்களைக் கட்டாயமாக எரிக்கும் விதி, 2021 பெப்ரவரி மாதம் வரை நடைமுறையில் இருந்தது. அடக்கம் செய்வதால் ஆபத்தில்லை என்று உலக சுகாதார ஸ்தாபனம் கூறியும் அவ்விதி மாறவில்லை. "விஞ்ஞானம்" என்று சொல்லி ஒரு தவற்றைச் செய்தவர்கள், அடுத்த முறை அதே சொல்லோடு ஊசியைக் கொண்டுவரும்போது, மக்கள் ஒரு கணம் தயங்குவதில் வியப்பில்லை.

தயக்கம் இன்று நேற்று வந்ததல்ல. கண்டியில் தலதா மாளிகைக்கு அருகே பத்தினி தேவாலயம் உள்ளது. சிலப்பதிகாரத்துக் கண்ணகியே அங்கு பத்தினித் தெய்யோ. கண்ணகிக்கு எடுத்த விழாவில் இலங்கை மன்னன் கயவாகுவும் கலந்துகொண்டதை அக்காப்பியம் கூறும். அம்மை நோய் அவளது கோபத்தால் வருவது, அவளது அருளால் தணிவது என்பது சிங்கள மக்களின் நம்பிக்கை. தோட்டப்புறத்திலோ அது மாரியம்மன். இரு பக்கத்திலும் வேப்பிலை ஒன்றுதான்.

ஜென்னர் கண்ட பெரியம்மைத் தடுப்பு முறை 1802 ஆம் ஆண்டு இலங்கையின் கரையோரத்தை எட்டியது. கண்டி அப்போது தனி இராச்சியம். பின்னாளில் தோட்டங்களுக்கு ஆள் சேர்த்தபோது, தமிழகத்திலிருந்து வந்தோர் மண்டபம் முகாமில் தடுத்து வைக்கப்பட்டு, அம்மை குத்தப்பட்ட பின்னரே இக்கரைக்கு அனுப்பப்பட்டனர். "அம்மை குத்துதல்" என்றுதான் நம் பாட்டிமார் சொன்னார்கள். அச்சொல்லில் வாக்குறுதி எதுவும் இல்லை. செய்த காரியம் மட்டுமே உண்டு. கையில் தழும்பு இருந்தது. கேட்டுக் குத்தினார்களா என்ற கேள்விக்கு இடமிருக்கவில்லை.

ஆங்கிலேயரின் சொந்த நாட்டிலும் இந்தச் சர்ச்சை இருந்தது. 1853 இல் அங்கே அம்மை குத்துதல் குழந்தைகளுக்குக் கட்டாயமாக்கப்பட்டது. 1885 இல் லெஸ்டர் நகரில் அதற்கெதிராகப் பெருந்திரளானோர் ஊர்வலம் சென்றனர். டார்வினுக்கு நிகராகப் பேசப்பட்ட வொலஸ் என்னும் விஞ்ஞானியே புள்ளிவிபரங்களைக் காட்டி எதிர்த்தெழுதினார். காந்தியடிகளும் தமது ஆரோக்கிய நூலில் அம்மை குத்துவதை ஏற்கவில்லை. இத்தனைக்கும் மத்தியில் 1980 ஆம் ஆண்டு பெரியம்மை உலகிலிருந்து ஒழிந்ததாகப் பிரகடனம் செய்யப்பட்டது. ஒழித்தது அந்தக் குத்தல்தான்.

இனி, நமது சொல்லுக்கு வருவோம். "தடுப்பூசி" என்றதும் நம் மனத்தில் எழுவது ஒரு மதில். மதில் என்றால் உள்ளே எதுவும் வரக்கூடாது. ஒருவருக்கு வந்துவிட்டால் மதில் பொய். தையற்காரரின் தர்க்கம் இதுதான். அந்தப் பொருளில் பார்த்தால் அது பிழையான தர்க்கமுமல்ல.

விஞ்ஞானிகள் "95 வீதம்" என்றபோது குறித்தது வேறொன்று. பைசர் ஊசியின் பரிசோதனையை எடுத்துக்கொள்வோம். ஏறத்தாழ 43,000 பேர். பாதிப் பேருக்கு ஊசி. மறு பாதிக்கு வெறும் உப்பு நீர். யாருக்கு எது என்பது போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது, நோயைக் கணித்தவருக்கும் தெரியாது. பின்னர் இரு பக்கத்திலும் நோய்க்குறிகளோடு கொவிட் கண்டவர்களை எண்ணினர். உப்பு நீர்ப் பக்கத்தில் 162 பேர். ஊசிப் பக்கத்தில் 8 பேர். 162 பேர் வர வேண்டிய இடத்தில் 8 பேர். இந்த வித்தியாசத்துக்குப் பெயர்தான் 95 வீதம். ஊசி போட்ட நூறு பேரில் ஐவருக்கு நோய் வரும் என்பது இதன் பொருளல்ல. ஊசி போட்ட எவருக்கும் வராது என்பதும் இதன் பொருளல்ல.

சினோபாமுக்கு உலக சுகாதார ஸ்தாபனம் கூறிய எண் 79. அதனால் அது பைசரை விட இத்தனை மட்டம் என்று கணக்குப் போட்டோர் பலர். இரண்டும் வெவ்வேறு நாடுகளில், வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு மக்களிடம் நடந்த பரிசோதனைகள். வெவ்வேறு பரீட்சை எழுதிய இரு மாணவரின் புள்ளிகளை ஒப்பிட்டு, யார் கெட்டிக்காரன் என்று எந்த ஆசிரியனும் சொல்லமாட்டான். ஆயினும், ஐயத்துக்கு நியாயமான ஓர் இடமும் இருந்தது. சினோபாம் பரிசோதனையில் 60 வயதைக் கடந்தோர் மிகச் சிலரே. ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இலங்கையரின் இரத்தத்தைச் சோதித்தபோது, ஏறத்தாழ 95 வீதமானோரிடம் எதிர்ப்புச் சக்தி உருவாகியிருந்தது; முதியோரிடம் அது சற்றுக் குறைவாக இருந்தது. இதிலிருந்து பெற வேண்டிய முடிவு, முதியோருக்கு இன்னும் ஓர் ஊசி வேண்டும் என்பதே. நம்மில் பலர் பெற்ற முடிவோ, முதியோருக்கு அந்த ஊசி வேண்டாம் என்பது.

மதிலை விட்டுவிட்டுக் குடையை நினைத்துப் பாருங்கள். கண்டியில் குடையின்றி வெளியே இறங்குபவர் யார்? தூறலில் குடை பிடித்தால் தலை நனையாது. மகாவலி பெருகும் மழையில் குடை பிடித்தாலும் கால் நனையும், தோள் நனையும். ஆனால் தலை முதல் கால் வரை ஊறிக் காய்ச்சலில் விழமாட்டோம். "குடை பிடித்தும் நனைந்தேன், ஆகவே குடை வேண்டாம்" என்று எந்தக் கண்டி வாசியும் சொன்னதில்லை. தொற்று வருவது ஒன்று. நோயில் படுப்பது ஒன்று. உயிர் போவது ஒன்று. முதலாவதில் ஊசியின் காவல் விரைவில் தளர்ந்தது. டெல்டா வந்தபோதே குறைந்தது, ஒமிக்ரோன் வந்தபோது மேலும் குறைந்தது. மூன்றாவதில் அது பெரும்பாலும் நின்று பிடித்தது.

"வாட்டில் படுத்திருப்பவர்களில் பாதிக்கு மேல் ஊசி போட்டவர்கள்தானே?" என்றும் அந்நாளில் கேட்டனர். ஒரு கற்பனைக் கணக்கைச் செய்து பார்ப்போம். ஓர் ஊரில் ஆயிரம் முதியவர்கள். 900 பேர் ஊசி போட்டவர்கள், 100 பேர் போடாதவர்கள். ஊசி இல்லையேல் நூற்றுக்குப் பத்துப் பேர் வைத்தியசாலைக்குப் போவர்; ஊசி இருந்தால் நூற்றுக்கு இருவர் என்று வைத்துக்கொள்வோம். போட்டவர்களில் 18 பேர் வாட்டில் இருப்பார்கள். போடாதவர்களில் 10 பேர். எட்டிப் பார்ப்பவர் கண்ணுக்கு ஊசி போட்டவர்களே அதிகம். ஆனால், ஊசியே இல்லாதிருந்தால் அந்த வாட்டில் கிடந்திருப்பவர்கள் 100 பேர். வராமற்போன 72 பேரை எந்தக் கண்ணும் காண்பதில்லை. தடுப்பின் இயல்பே அதுதான். அது வெற்றி பெறும்போது காட்டுவதற்கு எதுவும் இருக்காது.

ஊசியால் தீங்கே இல்லையா? உண்டு. அஸ்ட்ராசெனெகா ஊசியால் மிக அரிதாக இரத்தம் உறைந்தது. மொடேர்னா, பைசர் ஊசிகளால் இளைஞர் சிலருக்கு இதயத் தசை அழற்சி ஏற்பட்டது. இவை மருத்துவ உலகம் ஒப்புக்கொண்ட உண்மைகள். இவற்றை வெளிப்படையாகச் சொல்வதால் ஊசியின் மதிப்புக் குறையாது. சொல்லாமல் மறைத்தால்தான் கேகாலைப் பாணிக்கும் ஊசிக்கும் வேறுபாடு தெரியாமற் போகும். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு, ஒன்று மறுபக்கத்தில் உப்பு நீரை வைத்து எண்ணிப் பார்க்கச் சம்மதித்தது. மற்றது எண்ணிக்கைக்கு அஞ்சிய நம்பிக்கையை மட்டும் கேட்டது.

2021 ஆகஸ்ட் இறுதியில் நம் நாட்டில் நாளொன்றுக்கு இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். மொத்தத்தில் இந்நோய் 16,000 க்கும் அதிகமானோரைக் கொண்டு சென்றது, பெரும்பாலோர் முதியோர். பின்னர் ஒரு கோடியே நாற்பது இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இரண்டு ஊசிகளையும் போட்டனர். மூன்றாவது ஊசிக்கு வந்தவர்களோ எண்பது இலட்சம் பேரளவில்தான். "போட்டும் வந்ததே" என்ற அந்தக் கேள்வி பதிலின்றியே தங்கிவிட்டது.

தையற்காரர் இப்போதும் அதே கடைக்கு வருகின்றார். அண்மையில் அவராகவே பேச்சை எடுத்தார்.

"மாஸ்டர், மொடேர்னா வந்தப்பவும், இது புது மாதிரி ஊசியாம், இன்னும் கொஞ்சம் பொறுப்போம்னு இருந்திட்டேன். நான்தான் தப்பு பண்ணிட்டேனா?"

"இல்லை. நீங்க கேட்டீங்க. நான் பதில் சொல்லல்ல" என்றேன்.

வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. அவர் குடையை விரித்து என்னையும் அதற்குள் அழைத்தார். இருவருக்கும் ஒரு குடை போதாது, தோள்கள் நனைந்தன. பஸ் தரிப்பிடம் வரை அப்படியே நடந்தோம்.