பொறுமை என்னும் தொழில்

ஆவணப்படத்துக்குக் கூட்டம் சேராது என்பது எல்லா நாட்டிலும் உள்ள நிலைமைதான். அப்படியிருக்க, 2002இல் வெளியான ஒரு கிராமத்து ஆரம்பப் பள்ளியைப் பற்றிய ஆவணப்படத்தை பிரான்சில் ஏறக்குறைய 18 லட்சம் பேர் திரையரங்குக்குப் போய்ப் பார்த்தார்கள். நிக்கோலா ஃபிலிபேர் இயக்கிய ‘எத்ர் எ அவுவார்’ என்ற அந்தப் படம் அவ்வாண்டு கான் திரைப்பட விழாவில் போட்டிக்கு வெளியே திரையிடப்பட்டது. பிரெஞ்சுத் திரைப்படங்களுக்கான லூயி தெலுக் பரிசையும் வென்றது. அதில் வரும் ஆசிரியர் ழோர்ழ் லோப்பெஸ் நாடறிந்த மனிதரானார். பார்த்தவர்கள் அவரை ஒரு மகானாகவே மனத்தில் வைத்துக்கொண்டார்கள். படத்தைக் கூர்ந்து பார்த்தால் அந்த இடம் அவருக்குப் பொருந்தாது என்றே எனக்குப் படுகிறது. படம் காட்டுவது, பல ஆண்டுப் பழக்கத்தில் கைவந்த தொழில்திறமையை. அதைப் பிறவிக் குணம் என்று சொல்லிவிட்டால், அவர் உழைப்பின் பெரும்பகுதி நம் கண்ணுக்குத் தெரியாமலே போய்விடும்.

பிரான்சின் நடுப்பகுதியில், ஓவெர்ன் மலைநாட்டில், சேன்த் எத்தியென் சூர் உசோன் என்ற சிற்றூரில் இருக்கிறது அந்தப் பள்ளி. அது ஓராசிரியர் பள்ளி. நான்கு வயதுக் குழந்தையிலிருந்து அடுத்த ஆண்டு மேல்பள்ளிக்குப் போகவிருக்கும் பெரிய பிள்ளைகள்வரை எல்லோருக்கும் ஒரே அறை. இப்படிப்பட்ட வகுப்பில் ஆசிரியரின் நேரம்தான் மிக அரிய பொருள். சின்னவர்கள் எழுத்து எழுதும் மேசையில் அவர் உட்கார்ந்திருந்தால், கணக்குப் போடும் பெரியவர்கள் தாமாகவே வேலையை நகர்த்த வேண்டும். அவர்களுக்குச் சொல்வதெழுதுதல் நடத்தினால் சின்னவர்கள் காத்திருக்க வேண்டும். யாரிடம் எப்போது போவது, எப்போது எழுந்து வருவது என்பதை நாள் முழுக்க அவர் முடிவு செய்தபடியே இருக்கிறார். குரல் உயருவதில்லை. ஆனால் கண்டிப்புக்குக் குறைவில்லை. ‘ஆமாம்’ என்று மொட்டையாகச் சொன்ன குழந்தை ‘ஆமாம், ஐயா’ என்று திருத்திச் சொல்லும்வரை விடமாட்டார். வண்ணம் தீட்டும் வேலையை அரைகுறையாக விட்டுவிட்டு விளையாடப் போக நினைக்கும் சிறுவனைத் திரும்ப மேசைக்கு அழைக்கிறார். அன்பாசிரியர் என்றால் எதையும் விட்டுக்கொடுப்பவர் என்று எண்ணிக்கொண்டு படம் பார்ப்பவர்களுக்கு இது சற்று வியப்பாகவே இருக்கும்.

எண்களைப் பற்றிய காட்சி ஒன்றை எடுத்துக்கொள்வோம். எதுவரை எண்ண முடியும் என்று சின்னப் பையனிடம் ஆசிரியர் கேட்கிறார். பையன் ஓர் எண்ணைச் சொல்கிறான். அதைவிடப் பெரியது உண்டா என்று அடுத்த கேள்வி. நூறு ஆயிரமாகிறது, ஆயிரம் பல்லாயிரமாகிறது, பிறகு கோடிகள். தனக்குப் பழக்கமான எண்களெல்லாம் தீர்ந்துபோன பிறகும் கேள்வி தீரவில்லை என்பது பையனின் முகத்தில் தெரிகிறது. விடையைத் தானே சொல்லிவிடும் அவசரம் ஆசிரியரிடம் இல்லை. இதற்கு நேர் எதிர்ப்புறத்தில் இன்னொரு காட்சி. பெரிய பையன் ஒருவன் வீட்டுச் சமையலறையில் பெருக்கல் கணக்கோடு மல்லாடுகிறான். அம்மா உதவிக்கு வருகிறார். பிறகு வீட்டிலுள்ள மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கூடிவிடுகிறார்கள். ஆளுக்கொரு விடை; யாருக்கும் உறுதியில்லை. பார்க்கச் சிரிப்பு வரும். ஆனால் ஃபிலிபேர் அந்தக் குடும்பத்தைக் கேலி செய்வதற்காக இதைச் சேர்க்கவில்லை. மாடுகளையும் வயலையும் கவனித்துக்கொண்டே மகனின் கணக்குக்காகவும் உட்காரும் அவர்களிடம் பாசத்துக்கு என்ன குறை? கற்பிக்கும் வித்தைதான் அவர்களுக்குப் பழகாதது. பாசம் இருந்தால் போதும், கற்பித்தல் தானாக வந்துவிடும் என்ற நம்பிக்கைக்கு அந்தச் சமையலறை தெளிவாகவே பதில் சொல்லிவிடுகிறது.

அடித்துக்கொண்ட இரண்டு பையன்களை ஆசிரியர் உட்காரவைத்துப் பேசும் இடமும் அந்த எண் காட்சியைப் போன்றதுதான். யார் மேல் தவறு என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு எழுந்துபோக அவருக்கு இரண்டே நிமிடம் போதும். அவரோ கேள்வி கேட்கிறார், பதில் வரும்வரை சும்மா இருக்கிறார். யாரிடமும் வாய் திறக்காத ஒரு பெண்பிள்ளை மேல்பள்ளிக்குப் போகும் வேளை வருகிறது. அவளுக்கு வெறும் தைரியம் சொல்லி அனுப்பாமல், சனிக்கிழமைகளில் தன்னை வந்து பார்க்கலாம் என்று ஒரு வழியைக் காட்டுகிறார். ஆறுதலைவிட ஏற்பாடு பயனுள்ளது என்று அறிந்தவர் செய்யும் காரியம் அது.

இந்தச் சிற்றூர்ப் பள்ளியைப்போலச் சில பிள்ளைகளே இருந்தால் யாராயிருந்தாலும் பொறுமையாக இருப்பார்கள் என்று ஒரு வாதம் எழலாம். நாற்பது பேர் நெருக்கியடிக்கும் வகுப்பில் இது நடக்காது என்பதும் உண்மைதான். ஆனால் இந்த வாதம் என் கருத்துக்கு வலுவே சேர்க்கிறது. தொழில்திறமை எதுவானாலும் அதற்கேற்ற சூழல் வேண்டும். நல்ல மருத்துவர் ஒரு நாளைக்கு முந்நூறு நோயாளிகளைப் பார்க்க நேர்ந்தால் அவர் திறமையும் வெளிப்படாது. பொறுமையைப் பிறவிக் குணமாகக் கருதும் அரசு வகுப்பின் அளவைக் குறைக்க மெனக்கெடாது. நல்லவர்கள் எப்படியும் சமாளித்துக்கொள்வார்கள் என்று இருந்துவிடும். இன்னொரு வாதம் கேமராவைப் பற்றியது. சுமார் 60 மணி நேரப் பதிவிலிருந்து 104 நிமிடம் மட்டும் எடுக்கப்பட்டிருக்கிறது. களைத்துச் சலித்த தருணங்கள் வெட்டுப்பட்டிருக்கலாமே? இருக்கலாம். ஆனாலும் படப்பிடிப்பு 2000 டிசம்பரில் தொடங்கி 2001 கோடைவரை தொடர்ந்தது. நான்கு வயதுக் குழந்தைகள் அத்தனை காலம் ஒருவருடைய நடிப்புக்கு ஒத்துழைக்க மாட்டார்கள். அவர்கள் அவரோடு பழகும் விதம் படக்குழு வருவதற்கு முன்பே படிந்துபோன ஒன்று.

எல்லாவற்றையும்விடக் கடுமையான எதிர்வாதம் படம் வெளியான பிறகு வந்தது. படம் பெரும் வசூலைக் கண்டதும் லோப்பெஸ் நீதிமன்றம் போனார். தன் பாடங்கள் தன் படைப்பு, அவற்றின்மேல் தனக்கு உரிமை உண்டு என்று சொல்லி 2,50,000 யூரோ கேட்டார். 2004இல் பாரிஸ் நீதிமன்றம் மறுத்தது. 2006இல் மேல்முறையீடும் தோற்றது. பலருக்கு மனம் கசந்தது. குழந்தைகளின் நம்பிக்கையை வென்றவர் காசுக்காக வழக்காடலாமா என்ற கேள்வி எழுந்தது. சட்டப்படி அந்தத் தீர்ப்பு சரியென்றே நினைக்கிறேன். ஆவணப்படத்தில் தோன்றும் ஒவ்வொருவரும் ஊதியமும் பங்கும் கேட்கலாம் என்று ஆகிவிட்டால், நிஜ வாழ்க்கையைப் படமெடுப்பதே அரிதாகிவிடும். ஆனால் மக்களின் கசப்பில் எனக்கு உடன்பாடில்லை. ஸ்பெயினின் அந்தலூசியாவிலிருந்து வந்த விவசாயக் கூலியின் மகன் அவர்; முப்பத்தைந்து ஆண்டுகள் ஆசிரியராக வேலை பார்த்து, படம் எடுத்தபோது ஓய்வுபெறும் தறுவாயில் இருந்தவர். தன் உழைப்புக்கு விலை உண்டு என்று அவர் நினைத்தது திரையில் நாம் கண்ட எதையும் பொய்யாக்கிவிடவில்லை. பையனின் விடைக்காக அவர் காத்திருந்தது காத்திருந்ததுதான். எதுவும் கேட்காதவரை மட்டுமே ஆசிரியரை வணங்குவோம் என்றால் அதற்குப் பெயர் மரியாதை ஆகாது. குடும்பத்துக்காகச் சம்பள உயர்வு கேட்டுத் தெருவுக்கு வரும் ஆசிரியர்களைப் பார்த்து, தொண்டுள்ளம் போய்விட்டதே என்று அங்கலாய்ப்பதும் இதே மனநிலையில் பிறப்பதுதான்.

இந்தப் படம் கிடைத்தால் பாருங்கள். குழந்தைகளின் குறும்பில் மனம் லயித்துப்போவது இயல்பு. முதல் முறை அப்படியே பாருங்கள். இரண்டாம் முறை, கேள்வி கேட்டுவிட்டு அவர் எவ்வளவு நேரம் பேசாமல் இருக்கிறார் என்பதை மட்டும் கவனியுங்கள்.