கைவினைக் கத்திக் கண்காட்சி: வாங்குவோர் 'எம்.எஸ்' முத்திரையைத் தேடுவது ஏன்?

அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில், லிட்டில் ராக் நகரில் கைவினைக் கத்திக் கண்காட்சி நடக்கும். மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் விற்பனையாளர் அல்ல, கத்தியைச் செய்தவரே. பிடியின் மரமும் பளபளப்பும் கண்ணுக்குத் தெரியும். தோய்ச்சல் தெரியுமா? பழுக்கக் காய்ச்சிய எஃகை எண்ணெயில் முக்கிக் கடினமாக்கி, பிறகு மிதமான சூட்டில் பதப்படுத்தும் வேலை அது. அதில் கோட்டைவிட்டால் எவ்வளவு அழகான கத்தியும் வாய் உதிர்ந்துபோகும்.

அதனால்தான் பலர் அலகில் 'ஜே.எஸ்', 'எம்.எஸ்' எழுத்துகளைத் தேடுகிறார்கள். 1976-ல் பில் மோரன் உள்ளிட்டோர் தொடங்கிய அமெரிக்கக் கத்திக் கொல்லர் சங்கம் தரும் தகுதிகள் இவை. தேர்வு லேசுப்பட்டதல்ல. தொங்கும் ஓரங்குலக் கயிற்றை ஒரே வீச்சில் அறுக்கணும். மரச்சட்டத்தை இரண்டு முறை வெட்டித் துண்டாக்கணும். அதன் பிறகும் அதே கத்தி கை முடியை மழிக்கணும். கடைசியில் வைஸில் மாட்டி 90 டிகிரி வளைப்பார்கள், முறியக் கூடாது. அந்தக் கத்தி அத்தோடு காலி!

ஆக, முத்திரை என்பது செய்தவரின் கைக்குச் சான்று. மேசையில் இருக்கும் கத்தியை யாரும் வளைத்துப் பார்க்கவில்லை. முத்திரை இல்லாதவர் மட்டம் என்றும் இல்லை. எஃகுப் பட்டையைத் தேய்த்தே கத்தி செய்பவர்களுக்கு இந்தத் தேர்வே பொருந்தாது.

எனவே கேட்டுடுங்க: எந்த எஃகு? தோய்ச்சல் நீங்களே போட்டதா, வெளியே கொடுத்ததா? நல்ல கைவினைஞர் இதைச் சலிக்காமல் பேசுவார். கத்தியை எடுக்கும் முன் அனுமதி கேளுங்க. அலகை விரலால் தடவாதீங்க. வியர்வை பட்டால் கார்பன் எஃகு துருப்பிடிச்சிடும்.