ஜெல்ட்ரியா கோட்டையில் விடுபட்ட பெயர்கள்

காட்டூர் வழியாகப் பழவேற்காடு போகிறவர்கள் பூநாரை பார்ப்பார்கள், படகில் ஒரு சுற்று வருவார்கள், நண்டும் இறாலும் வாங்கிக்கொண்டு திரும்பிவிடுவார்கள். ஊருக்குள்ளேயே சீமைக் கருவேலம் மண்டிக் கிடக்கும் மேட்டை எட்டிப் பார்ப்பவர்கள் குறைவு. 1613-இல் டச்சுக்காரர்கள் கட்டி முடித்த ஜெல்ட்ரியா கோட்டை அதுதான். செஞ்சியைப் போல மலையேற வேண்டியதில்லை, ஏரிக்கரையோரச் சமதரைதான். அகழியின் தடமும் இடிந்த செங்கல்லும் மட்டுமே மிச்சம்.

1690-இல் தலைமையகம் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை, சோழமண்டலக் கரையின் டச்சு வணிகம் இங்கிருந்தே நிர்வகிக்கப்பட்டது. நம் தறிகளில் நெய்த துணி கிழக்குத் தீவுகளுக்குப் போனது. அதைக் கொடுத்து ஜாதிக்காயும் கிராம்பும் வாங்கினார்கள். கோட்டையில் வெடிமருந்தும் செய்தார்கள். பின்னர் ஆங்கிலேயர் கைக்கு வந்த கோட்டை, 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தகர்க்கப்பட்டது.

கோட்டை போனாலும் டச்சுக் கல்லறைத் தோட்டம் நிற்கிறது. வாசலில் எலும்புக்கூட்டுச் சிற்பங்கள். உள்ளே கல்லில் வெட்டிய குலச்சின்னங்கள், பெயர்கள், இறந்த தேதிகள். மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பும் உண்டு. அதில் தவறில்லை, நல்ல கல்வேலை காக்கப்படத்தான் வேண்டும்.

ஆனால் இந்தக் கரையிலிருந்து போனது துணி மட்டுமல்ல, மனிதர்களும்தான். 17-ஆம் நூற்றாண்டில் பஞ்சமும் போரும் வந்தபோதெல்லாம் சோழமண்டலக் கரையில் ஆயிரக்கணக்கானோர் அடிமைகளாக விலைபோனார்கள். பசி தாங்காமல் பிள்ளைகளை விற்றவர்களும் உண்டு, தங்களையே விற்றுக்கொண்டவர்களும் உண்டு. பத்தாவியாவுக்கு, இன்றைய ஜகார்த்தாவுக்கு, கப்பல் கப்பலாக ஏற்றப்பட்டார்கள். அந்த வியாபாரத்தின் கணக்கும் கட்டளையும் இந்தக் கோட்டையைச் சேர்ந்தவை. வாங்கியவர்களுக்குக் கல்லறை இருக்கிறது. விற்கப்பட்டவர்களுக்கு ஒரு பலகைகூட இல்லை.

கோட்டை மேட்டின் முள்ளை வெட்டி, தரங்கம்பாடியைப் போல அருங்காட்சியகம் வைத்தால் சுற்றுலா வளரும், படகுக்காரர்களுக்கும் வருமானம் என்கிறார்கள். நல்லதுதான். ஆனால் அந்த அருங்காட்சியகம் பீரங்கியையும் பீங்கானையும் மட்டும் காட்டினால், வரலாற்றின் பாதியை மறுபடியும் புதைத்ததாகவே ஆகும்.

முதல் வேலை பெரிய செலவில்லாதது. கோட்டை மேட்டின் முன்னால், இங்கிருந்து யார், எதற்காக, எங்கே கொண்டுபோகப்பட்டார்கள் என்று தமிழில் ஒரு கல்வெட்டு வைக்க வேண்டும். பழவேற்காட்டுப் பள்ளிப் பிள்ளைகளை வருடம் ஒருமுறை அங்கே அழைத்துப்போய்ப் பாடம் நடத்த வேண்டும். பத்தாவியாவுக்குப் போனவர்களின் பெயர்கள் திரும்பக் கிடைக்காமல் போகலாம். அவர்கள் இந்தக் கரையின் மக்கள் என்பதையாவது நாம்தான் எழுதிவைக்க வேண்டும்.